தாத்தா வாங்குன பழைய செட்டிநாட்டு வீடு – கட்டுனவங்க யாருன்னு எப்படி தேடுறது?

வளவுவாசி:
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் ஒரு ஊர்ல இருக்கோம், ஊர் பேர் இப்போதைக்கு வேணாம். நாங்க நகரத்தார் (நாட்டுக்கோட்டை செட்டியார்) இல்ல, எங்க தாத்தா இதே ஊர் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தவரு. 1957-ல ஒரு செட்டியார் குடும்பத்துக்கிட்ட இருந்து இந்த வீட்ட கிரையம் வாங்கிருக்காரு. வாத்தியார் சம்பளத்துல இவ்ளோ பெரிய வீடான்னு கேப்பீங்க, அப்ப இங்க வீடுங்க அவ்ளோ சல்லிசா போச்சு, வாங்க ஆளில்லாம பூட்டிக் கெடந்ததும் நெறைய. முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (தூண் சுத்தி நிக்கிற உள்முற்றம்), ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு பின்தெருவுல முடியுற வீடு.

இப்ப ஓடு மாத்துற வேலை ஆரம்பிச்சிருக்கோம். அதுக்குள்ள இந்த வீடு யாரு கட்டுனது, அவங்க என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு மனசுல கெடந்து உருத்திட்டே இருக்கு. கைல இருக்கறது மூணே மூணுதான். ஒன்னு 1957 கிரையப் பத்திரம், அதுல மூணு பேர் கையெழுத்து, அண்ணன் தம்பிங்க மாதிரி தெரியுது. ரெண்டாவது, பட்டாலை நிலைக்கு மேல மரத்துல "தாது வருஷம் ஆவணி மாதம்"னு செதுக்கிருக்கு, கூட ஒரு பேரும் இருந்திருக்கும் போல, அந்த இடம் பெயிண்ட் அடிச்சு அடிச்சு மூடிப் போச்சு. மூணாவது, மாடிப்படிக்கு கீழ இருக்க அறையில ஒரு பெரிய பித்தளை அண்டாவும் கொஞ்சம் எனாமல் தட்டும். அண்டா கழுத்துல புள்ளி புள்ளியா எழுத்து வெட்டிருக்கு, ஆனா அது பத்திரத்துல இருக்க இனிஷியல் இல்ல, வேற.

எங்க அப்பா சொல்றது, தாது வருஷப் பஞ்சத்துல ஊர் சனத்துக்கு கூலி குடுக்கணும்னே ஒரு செட்டியார் கட்டுன வீடு இதுன்னு. ஊர்லயும் வயசானவங்க அப்படித்தான் சொல்றாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்திரக்கட்டு:
நல்ல விஷயம் கையில எடுத்திருக்கீங்க. எங்க அப்பா பத்திரம் எழுதுறவரு, நானும் அந்த லைன்லதான் இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல பட்டாவ பிடிச்சுட்டு தாலுகா ஆபீசுக்கு அலையாதீங்க. எல்லாரும் அங்கதான் போறாங்க, ஒன்னும் கிடைக்காம திரும்பி வர்றாங்க. வயல்னா சரி, அதுக்கு செட்டில்மென்ட் ரெஜிஸ்டர், அ-பதிவேடு எல்லாம் இருக்கும். உங்க வீடு கிராம நத்தத்துல இருக்கும், நத்தத்துக்குன்னு தனியா சர்வே பண்ணி தோராயப் பட்டா குடுத்ததே 1980-கள் கடைசி, 90-கள்லதான். அதுக்கு முன்னாடி வீட்டு மனைக்கு அரசாங்கக் கணக்குல யார் பேரும் இருக்காது. போதாததுக்கு உங்க பக்கம் சிவகங்கை ஜமீன், 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் ரயத்துவாரி கணக்கே (நிலத்துக்காரர் பேர்லயே சர்க்கார் எழுதுற கணக்கு) எழுத ஆரம்பிச்சாங்க. அதனால வீட்டுக்கு பேச வேண்டியது பத்திரம்தான்.

வில்லங்கம் ஆன்லைன்ல பாத்தீங்கன்னா பெரும்பாலும் 1975-ல இருந்துதான் வரும். அதுக்கு முந்துனதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மேனுவலா தேடச் சொல்லணும். எந்த ஆபீஸ்ங்கறது முக்கியம், இப்ப உங்க ஊர் இருக்க ஆபீஸும் 1957-ல இருந்த ஆபீஸும் ஒன்னா இருக்கணும்னு இல்ல. உங்க பத்திரத்த திருப்பி பின்பக்கம் பாருங்க. முத்திரை இருக்கும், 1-வது புஸ்தகம், எத்தனாவது வால்யூம், எத்தனாவது பக்கம்னு எழுதிருக்கும், எழுதிக் குடுத்தவங்கள அடையாளம் காட்டுனவங்க பேரு, அவங்க அப்பா பேரு, ஊரு, தொழில் எல்லாம் இருக்கும். முன்பக்கத்த எல்லாரும் படிக்கிறாங்க, பின்பக்கத்த யாரும் படிக்கிறதில்ல, தேடுறவங்களுக்கு பாதி சரக்கு அங்கதான் இருக்கு.

அங்க ரெண்டு இன்டெக்ஸ் இருக்கும், பேர் வாரியா ஒன்னு, சொத்து வாரியா ஒன்னு. சொத்து வாரியா தேடுனா நத்தத்துல சர்வே நம்பர் வச்சு ஒன்னும் பிடிபடாது, நாலு எல்லையத்தான் பாக்கணும். ஒரு விஷயம் மட்டும் மறக்காம செய்ங்க. உங்க வீட்டு பத்திரம் கிடைக்கலன்னா பக்கத்து வீட்டு பத்திரத்த தேடுங்க. "இன்னார் வீட்டுக்கும் கிழக்கு, தெருப் பாதைக்கும் வடக்கு"ன்னு எழுதிருப்பான் பாருங்க, அந்த இன்னார் யாருன்னா அந்த வருஷத்துல உங்க வீட்டுக்கு சொந்தக்காரரு. உங்க வீடு மூணு தலைமுறையா கை மாறாம இருந்திருந்தா அதுக்குன்னு ஒரு பத்திரமும் இருக்காது, ஆனா சுத்தி இருக்க வீடுங்க வித்திருக்கும், அடமானம் வச்சிருக்கும், ஒவ்வொன்னுலயும் உங்க வீட்டுக்காரர் பேர் எல்லையா உக்காந்திருக்கும்.

இன்னொன்னு, அந்த பத்திரத்துல எதுக்கு விக்கிறோம்னு ஒரு வரி இருக்கும், அத டைப் பண்ணி போடுங்க.

சுண்ணாம்புக்காரை:
நான் பழைய வீடு ரிப்பேர் வேலை எடுத்து செய்றவன், இந்த ஏரியாதான். தாது வருஷம்னு பாத்ததும் 1876-ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவ அதே பேர் திரும்ப வரும். 1876-77 தாது, 1936-37 தாது, 1996-97 தாது. உங்க மரம் மொத ரெண்டுல எதுன்னு வீட்டையே கேட்டா சொல்லிடும்.

பட்டாலையில மேல இரும்பு உத்திரம் இருக்கா? இருந்தா ஏணி போட்டு ஏறி அதோட நடுப்பட்டையில பெயிண்ட சுரண்டிப் பாருங்க, கம்பெனி பேர் புடைச்சுட்டு இருக்கும். இந்த ஏரியால "டார்மன் லாங், இங்கிலாண்ட்"னு நெறைய பாத்திருக்கேன். அவங்க உருக்கு உத்திரம் உருட்ட ஆரம்பிச்சதே 1880-கள்ல, அதனால 1876 வீட்டுல அது இருக்க வழியில்ல. டாட்டா பேர் இருந்தா 1912-க்கு அப்புறம். தரையில ஆத்தங்குடி கல்லுன்னா அது சிமெண்ட் வச்சு கண்ணாடி மேல ஊத்தி எடுக்குறது, அதுவும் பஞ்ச காலத்து சரக்கு இல்ல. சுவத்துல பூப்போட்ட பளபளன்னு ஓடு பதிச்சிருந்தா ஒன்னு ரெண்டு எங்கயாவது கழண்டு கிடக்கும், அதோட முதுகப் பாருங்க, "மேட் இன் ஜப்பான்"னு அச்சு இருந்தா 1910-கள்ல இருந்து 1930-கள் வரைக்கும்னு வச்சுக்கலாம்.

கூரையில மங்களூர் ஓடு இருந்தா ஒரு எச்சரிக்கை. "பாசல் மிஷன் 1865"னு போட்டிருக்கும், உடனே வீடு 1865-ல கட்டுனதுன்னு பேப்பர்ல எழுதுனவங்களே இருக்காங்க. அது கம்பெனி ஆரம்பிச்ச வருஷம், ஓடு சுட்ட வருஷம் இல்ல. மொத உலகப் போருக்கு அப்புறம் அந்த கம்பெனி காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு போச்சு, அந்த பேர்ல ஓடு இருந்தா 1920-க்கு இப்பால.

அப்புறம் ஓடு மாத்துறீங்கன்னு சொன்னீங்களே, கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டுலயும் ஓடு எந்த முத்திரைன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. மேஸ்திரிங்க நல்ல ஓட்ட எல்லாம் ஒரே அட்டியா அடுக்கிருவாங்க, அப்புறம் முகப்புல இருந்தது எது, அடுப்படியில இருந்தது எதுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. ஒரே வீடுன்னாலும் ஒரே நேரத்துல கட்டுனதா இருக்காது, உள்வளவு ஒரு காலம், முகப்பு ஒரு காலம்.

கோயில்புள்ளி:
நான் நகரத்தார் வீட்டுப் பொண்ணு, இப்ப கோயமுத்தூர்ல இருக்கேன். எங்க ஐயா (தாத்தா) வீடே பங்காளி சண்டையில பூட்டியே கெடந்து ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்துருச்சு, நீங்க உங்களுது இல்லாத குடும்பத்த இப்படி தேடுறத பாக்க மனசு நெறஞ்சு போச்சு.

பத்திரத்துல இருக்க இனிஷியல் சும்மா இனிஷியல் இல்ல, அத நாங்க விலாசம்னு சொல்லுவோம். பாட்டன், அப்பச்சி (எங்க வழக்கத்துல அப்பா), அப்புறம் பேருன்னு அடுக்கா வரும், அதே எழுத்துதான் பர்மாவுலயும் மலாயாவுலயும் கடைப் பேரா இருந்துச்சு. ஏவி.எம்.னு எல்லாருக்கும் தெரியுமே, அதுல ஏவி-ங்கறது அவங்க அப்பச்சி ஆவிச்சி செட்டியார், எம் மெய்யப்பன். அந்த மாதிரி மூணு பேரோட விலாசத்தையும் வரிசையா வச்சுப் பாத்தீங்கன்னா மொத எழுத்துங்க ஒன்னா இருக்கும், அதுலயே அவங்க தாத்தா பேரோட ஆரம்பம் கிடைச்சிரும்.

நகரத்தாருக்கு ஒம்பது கோயில், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் அவங்க கோயில்ல ஒரு புள்ளி, அதாவது கணக்குல ஒரு குடும்பம். கல்யாணத்துக்கு ரெண்டு வீட்டு கோயில்ல இருந்தும் மாலை வரும், அதுக்கு கணக்கு இருக்கும். அந்த குடும்பம் எந்த கோயில்னு தெரிஞ்சா போதும், பாதி தூரம் வந்தாச்சு. ஊர்ல நகரத்தார் விடுதில கேளுங்க, விலாசத்த சொன்னா எழுவது வயசுக்கு மேல உள்ளவங்க யாராச்சும் "அட அவுக வீடா"ன்னுவாங்க.

அண்டா எழுத்து மாறி இருக்குன்னு சொன்னீங்களே, அத விட்றாதீங்க. எங்க வீட்டுல பொண்ணுக்கு குடுக்குற சாமானத்துல அப்பச்சி வீட்டு விலாசத்த வெட்டித்தான் குடுப்பாங்க. அதனால அது அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு ஆச்சியோட பொறந்த வீட்டு எழுத்தா இருக்கலாம். எழுத்த இங்க பப்ளிக்கா போடாம எனக்கு தனியா அனுப்புங்க, எங்க ஆத்தாகிட்ட காட்றேன்.

நாலெல்லை:
எல்லாரும் உற்சாகமா சொல்றீங்க, நான் ஒன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. பழைய ஓனர தேடிப் போறது ஆபத்து. செட்டிநாட்டு வீடுங்கறது ஒருத்தர் சொத்து இல்ல, பங்காளிங்க பத்து இருபது பேருக்கு பாத்தியதை இருக்கும். மூணு பேர் கையெழுத்து போட்டு வித்திருக்காங்கன்னா நாலாவது ஒருத்தர் அப்ப பர்மாவுல இருந்திருக்கலாம். அவரோட பேரன் வந்து எங்க பங்குக்கு யாருய்யா கையெழுத்து போட்டான்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? எங்க சொந்தத்துல இப்படி ஒரு கேஸ் வருஷக்கணக்கா ஓடிச்சு. தூங்குற பாம்ப எதுக்கு மிதிக்கணும்.

பத்திரக்கட்டு:
நாலெல்லை அண்ணன் சொல்றது நியாயமான பயம், ஆனா இந்த விஷயத்துல பயப்பட ஒன்னும் இல்ல. 1957 பதிவான கிரையம், அன்னையில இருந்து வீடு இவங்க அனுபவம், வீட்டு வரி இவங்க பேர்ல. அப்படியே ஒரு பங்கு விட்டுப் போயிருந்தாலும் வழக்கு போடுற கெடு எப்பவோ தாண்டிருச்சு. சமீபத்துல கைமாறுன வீடுன்னா நானே வேணாம்னு சொல்லிருப்பேன். இருந்தாலும் போறதுக்கு முன்னாடி பத்திரத்த ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு போங்க, அது எப்பவும் நல்லது. பேசும்போது சொத்த பத்தி பேச வரல, உங்க பெரியவங்கள பத்தி கேக்க வந்தேன்னு மொத வார்த்தையிலயே சொல்லிடுங்க.

வடலிக்காணி:
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப வெளிநாட்டில இருக்கிறன். உங்கட இழைய வாசிக்க வாசிக்க எங்கட ஊர் ஞாபகம்தான் வருது. எங்கட பக்கம் வீடு வளவெண்டால் உறுதியிலதான் (நீங்கள் சொல்லுற பத்திரம்) எல்லாம். நொத்தாரிசு (நோட்டரி) எழுதின உறுதிக்கு ஒரு பிரதி அவரிட்டயும் இருக்கும், காணிக் கந்தோரிலயும் பதிவு இருக்கும். உறுதி நம்பரும் நொத்தாரிசின்ர பேரும் தெரிஞ்சால் ஒண்டில இருந்து ஒண்டு பிடிச்சுப் பிடிச்சு பின்னுக்குப் போகலாம். எங்கட தாத்தாமார் காலத்துக் காணிப் பேருகள் சிலது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதின தோம்பு எண்ட காணிப் பதிவேட்டிலயே இருக்கெண்டு சொல்லுவினம்.

எனக்கு ஆச்சரியமா இருக்கிறது என்னெண்டால், எங்கட அம்மம்மான்ர வீடு அவவுக்குச் சீதனம், அவவின்ர அம்மாவுக்கும் அது சீதனம். அதால உறுதியில பொம்பிளையளின்ர பேர்தான் வரிசையா வருது, கலியாணம் கட்டி வந்த ஆம்பிளையளின்ர விவரம் தேடத்தான் நாங்கள் கஷ்டப்பட்டனாங்கள். உங்கட பக்கம் அப்பிடியே மறுவளம் போல கிடக்கு. பத்திரத்தில மூண்டு ஆம்பிளையள், பொம்பிளையின்ர பிறந்த வீட்டு எழுத்து அண்டாவில. அந்த அண்டாவக் கவனமா வைச்சிருங்கோ.

வளவுவாசி:
இவ்ளோ பேர் எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. ஒவ்வொன்னா பண்ணிட்டு வந்து சொல்றேன்.

இரும்பு உத்திரம் இருக்கு, சுரண்டுனதுல டார்மன் லாங்னு சுத்தமா தெரியுது. பட்டாலை சுவர்ல நீலமும் பச்சையுமா பூ ஓடு, ஒன்னு ஏற்கனவே கழண்டு பரண்ல இருந்துச்சு, முதுகுல ஜப்பான்னு அச்சு. முகப்பு தரை ஆத்தங்குடி. ஆனா உள்வளவுக்கு வந்தா கதையே வேற. அங்க இரும்பே இல்ல, ஒத்தை ஒத்தை மரத்தூண், கீழ கல் பாவுனது, செவுரு மட்டும் கையால தடவுனா கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சேந்த இடத்துல செவுரு ஒரு சாண் விலகி தெரியுது, இத்தனை வருஷம் தினம் அந்த வழியா நடந்திருக்கோம், யாரும் கவனிச்சதில்ல.

பத்திரத்துல கேட்ட வரி இது: "எங்கள் குடும்பக் கடன் வகைகளுக்கும் எங்களில் 2-வது நபரின் குமாரத்தியின் விவாகச் செலவுக்கும் வேண்டி". அதுக்கு மேல "பர்மா தேசத்தில் எங்களுக்குப் பாத்தியப்பட்ட சொத்துக்களில் இருந்து வரவு ஏதும் இல்லாதபடியால்"னும் இருக்கு. சின்ன வயசுல இருந்து இந்த பத்திரம் பீரோவுல இருக்கு, எடுத்து வரி வரியா படிச்சது இப்பதான்.

பத்திரக்கட்டு:
அந்த காரண வரி எதுக்குன்னா, கூட்டுக் குடும்பச் சொத்த விக்கணும்னா குடும்பத்துக்கு அவசியமான தேவை இருந்துச்சுன்னு காட்டணும், இல்லன்னா பின்னாடி பிள்ளைங்க வந்து கேள்வி கேக்கலாம். அதுக்காகத்தான் எழுத்தர் கேட்டுக் கேட்டு எழுதுவாரு. சட்டத்துக்காக எழுதுனது, ஆனா ஒரு குடும்பத்தோட கஷ்டம் ஒரே ஒரு இடத்துல பதிவாகுதுன்னா அது இங்கதான்.

மொகல்தெரு:
பர்மா வரி வந்ததால நான் உள்ள வர்றேன், எங்க பெரியப்பா ரங்கூன்ல ஒரு செட்டியார் கடையில அடுத்தாளா (உதவி ஆளா) இருந்தவரு, நானும் இத பத்தி நெறைய படிச்சிருக்கேன். 1936-ல முகப்பு கட்டிருக்காங்கன்னா அந்த நேரத்துல பர்மால என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இந்த வீடு புரியும்.

1930 வாக்குல பர்மால ஆயிரத்து அறுநூறு கடைக்கு மேல செட்டியார் லேவாதேவி கடை இருந்துச்சு, கீழ் பர்மா நெல்லு விவசாயமே அவங்க குடுத்த கடன்ல நடந்துச்சு. உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்லு விலை விழுந்ததும் கடன் வாங்குனவனால கட்ட முடியல, ஈடா குடுத்த நிலம் இவங்க கைக்கு வந்துச்சு. 1930-ல கீழ் பர்மா நிலத்துல நூத்துக்கு ஆறு பங்குதான் செட்டியார் கையில இருந்தது, 1930-கள் முடியுறதுக்குள்ள இருவத்தஞ்சு பங்கு ஆயிருச்சு. கேக்க பெரிய சொத்து, ஆனா கையில பணமா ஒன்னும் இல்ல, நிலம் பூரா நிலமாவே மாட்டிக்கிச்சு. பர்மாக்காரங்க பக்கமும் பாக்கணும், அவங்களுக்கு அது பாட்டன் பூட்டன் உழுத நிலம், அந்த கோவமும் கலவரமா வெடிச்சுது.

1941 டிசம்பர்ல ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு, 1942 மார்ச்சுல ஜப்பான்காரன் உள்ள வந்துட்டான். லட்சக்கணக்குல நம்ம சனம் அரக்கான் வழியாவும் மணிப்பூர் வழியாவும் நடந்தே வந்தாங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர். சுதந்திரம் வந்ததும் 1948-ல பர்மா சர்க்கார் நில தேசியமயச் சட்டம் போட்டுச்சு. நஷ்ட ஈடு வரும் வரும்னு பல குடும்பம் வருஷக்கணக்கா காத்துக் கெடந்துச்சு. உங்க பத்திரத்துல "வரவு ஏதும் இல்லாதபடியால்"னு 1957-ல எழுதுன ஆளு அது வரைக்கும் காத்திருந்து பாத்திருக்காரு. அந்த ஒரு வரிக்குள்ள இருவது வருஷம் இருக்கு.

1936-க்கும் 1942-க்கும் நடுவுல இந்த வீட்டு மேல ஒரு அடமானம் இருக்கும்னு எனக்கு தோணுது. பணம் அங்க மாட்டிக்கிட்ட சமயத்துல இங்க முகப்பு கட்டுனா கடன் வாங்காம முடிஞ்சிருக்காது. தேடிப் பாருங்க.

ரேழிக்காரன்:
தஞ்சாவூர் பக்கம் அக்ரஹாரத்து வீடு எங்களுது, அதையும் இந்த மாதிரி தேடலாமா? எங்க தெரு இனாம் (மானியமா குடுத்த நிலம்)னு சொல்லுவா.

பத்திரக்கட்டு:
தேடலாம், உங்களுக்கு வழி இன்னும் சுலபம். இனாம் ஊருன்னா 1860-கள்ல இனாம் கமிஷன் எழுதுன இனாம் ஃபேர் ரெஜிஸ்டர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கும், இனாம் யார் குடுத்தது, அப்ப யார் அனுபவிச்சதுன்னு பேரோட இருக்கும். தெரு மொத்தமும் கோயில் மனையான்னு அறநிலையத்துறையிலயும் கேட்டுருங்க. தனி இழை போடுங்க, அங்க பேசுவோம்.

வளவுவாசி:
மொகல்தெரு ஐயா, நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு.

மேனுவல் தேடலுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். மொத தடவ "அவ்ளோ பழசு எல்லாம் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, பின்பக்கத்து வால்யூம் நம்பரோட திரும்ப போனதும் ஒரு அம்மா பொறுமையா இன்டெக்ஸ் எடுத்து பாத்தாங்க, அவங்களுக்கு கோயில் கட்டணும். 1938-ல ஒரு அடமானப் பத்திரம். அதுல சொத்து விவரத்துல இப்படி எழுதிருக்கு: "பிதுரார்ஜிதமாய் எங்களுக்குப் பாத்தியப்பட்ட உள்வளவு காரைவீடும், அதன் முன்பாக தாது வருஷத்தில் எங்களால் புதிதாய்க் கட்டப்பட்ட முகப்பு பட்டாலையும்". பிதுரார்ஜிதம்னா பரம்பரையா வந்தது. படிச்சப்ப கை நடுங்கிருச்சு. 1957-ல வித்த மூணு பேரோட அப்பாதான் அடமானம் வச்சவரு.

அடுத்து பக்கத்து வீட்டுக்காரங்கள கேட்டேன், அவங்க இரும்புப் பெட்டியில 1909 பத்திரம் ஒன்னு வச்சிருந்தாங்க, மதுரை ஜில்லான்னு போட்டிருக்கு. அதுல மேல்புற எல்லையா எங்க வீடு, அடமானம் வச்சவரோட அப்பா பேர்ல. ஆக மூணு தலைமுறை ஆம்பளைங்க பேர் வந்தாச்சு.

சுண்ணாம்புக்காரை:
மதுரை ஜில்லான்னு இருக்கறது சரிதான், ராமநாதபுரம் ஜில்லாவே 1910-லதான் வந்துச்சு. தேதி கிழிஞ்ச பத்திரம் கிடைச்சா ஜில்லா பேர வச்சே முன்னயா பின்னயான்னு சொல்லிரலாம். சிவகங்கை மாவட்டம் 1985-ல பிரிஞ்சது.

பஞ்சத்துல கட்டுன வீடுன்னு ஊர் சொல்றத பத்தி ஒரு வார்த்தை. 1876 பஞ்சத்துல இந்தப் பக்கம் சனம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல, தாது வருஷம்னாலே அந்த நெனப்புதான் வரும், மரத்துல தாதுன்னு பாத்தவங்க வாயில அந்தக் கதை ஒட்டிக்கிச்சு. உள்வளவு 1909-க்கு முன்னாடியே இருந்திருக்கு, அது மட்டும் உறுதி. அப்பாகிட்ட அந்தக் கதைய அவர் சொல்ற மாதிரியே ரெக்கார்ட் பண்ணி வைங்க, வீட்டோட வரலாறுல அதுக்கும் இடம் உண்டு, கட்டுன தேதிக்கு மட்டும் அத சாட்சியா கூப்பிடாதீங்க.

கோயில்புள்ளி:
எல்லாருக்கும் ஒரு சேதி. வளவுவாசி அண்டா எழுத்த அனுப்புனாரு, எங்க ஆத்தாவுக்கு தெரியல, ஆனா ஆத்தாவோட நாத்தனாருக்கு தெரிஞ்சிருச்சு! தேவகோட்டை பக்கம் ஒரு வீட்டு விலாசம் அது. அந்த வீட்டுல இன்னும் பழைய கல்யாணக் கணக்கு, சீர் சாமான் பட்டியல் எல்லாம் வச்சிருக்காங்களாம், இசைபிடிமானமும் இருக்காம். இசைபிடிமானம்னா எங்க கல்யாணத்துல எழுதுற ஒப்பந்த ஓலை, பொண்ணு மாப்பிள்ளை பேரு, ரெண்டு அப்பச்சி பேரு, ஊரு, கோயில் எல்லாம் அதுல வந்துரும். அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டுத்தான் நம்பர் குடுத்தேன்.

அப்புறம், அந்த குடும்பத்து கல்யாண அழைப்பிதழ், பழைய பத்திரிகை ஏதாச்சும் வேணும்னா சென்னை ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க. கோட்டையூர்க்காரரு, வாழ்நாள் பூரா புஸ்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், நோட்டீஸ்னு சேத்து வச்சாரு, அவர் காலத்துக்கு அப்புறம் 1994-ல அது நூலகமா ஆச்சு.

வளவுவாசி:
நேத்து தேவகோட்டை பக்கம் அந்த வீட்டுக்கு போயிட்டு வந்தேன். சொத்து பத்தி இல்லன்னு மொதல்லயே சொன்னேன், பெரியவர் சிரிச்சுட்டாரு, "வித்த வீட்ட யாருப்பா திருப்பி கேப்பா"ன்னாரு.

சீர் பட்டியல் எடுத்து காட்டுனாங்க. நீளமா மடிச்ச தாள், நாட்டு மைல எழுதுனது. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் வர்றதுக்கு முந்துன காலம்ங்கறதால பித்தளையும் வெண்கலமும் எனாமலும்தான், ஜாடி, தவலை, தூக்கு, எல்லாத்துக்கும் எண்ணிக்கையும் எடையும் போட்டு. எங்க வீட்டு அண்டா அந்த பட்டியல்ல இருக்கு. கல்யாணம் நடந்தது ஸ்ரீமுக வருஷம், அப்படின்னா 1933-34. பொண்ணு வாக்கப்பட்டது அடமானம் வச்சவரோட மூத்த மகனுக்கு. அந்த ஆச்சியோட பேர் மொத மொதலா அங்கதான் பாத்தேன். 1909 பத்திரத்துலயும் 1938-லயும் 1957-லயும் அந்த பேர் ஒரு இடத்துலயும் இல்ல, அவங்க கொண்டு வந்த அண்டாவுலயும் அவங்க அப்பச்சி எழுத்துதான், அவங்க பேர் இல்ல. ஆனா 24 வருஷம் இந்த வீட்டுல சமைச்சு, பிள்ளை பெத்து, புருஷன் பர்மாவுல இருந்தப்ப வீட்ட நடத்துனவங்க அவங்கதான். அவங்க வீட்டுக்காரர் 1942-ல நடந்து வந்தவராம், வந்ததுக்கு அப்புறம் உடம்பு தேறவே இல்லையாம்.

கிரையத்துக்கு காரணமா எழுதுன "குமாரத்தி விவாகம்" நடந்த பொண்ணு இப்ப மதுரையில இருக்காங்க, எம்பது வயசுக்கு மேல. போன்ல பேசுனேன். வளவுல தெக்குப் பக்கம் மூணாவது தூண்ல வெட்டுக்காயம் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, நாங்க சின்ன வயசுல அதுல கால வச்சு ஏறுவோம். அடுத்த மாசம் பேரன் கூட வர்றேன்னு சொல்லிருக்காங்க. அதுக்குள்ள பட்டாலை மரத்துல பெயிண்டுக்கு கீழ இருக்க பேர படிச்சு வைக்கணும், அது அவங்க ஐயா (தாத்தா) பேரான்னு தெரியணும். பெயிண்ட எப்படி எடுக்குறது, எழுத்து கெடாம?

நாலெல்லை:
தம்பி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பெரியம்மா வரும்போது ஊர்ல ஏதாச்சும் உதவி வேணும்னா சொல்லுங்க, நான் காரைக்குடிதான், கார் அனுப்புறேன். இன்னொன்னு, வேலை நடக்குற வீடுன்னு தெரிஞ்சா முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் யாவாரிங்க வாசல்ல வந்து நிப்பாங்க, அண்டாவுக்கும் நிலைக்கும் வெல பேசுவாங்க. யாரையும் உள்ள விடாதீங்க.

சுண்ணாம்புக்காரை:
பெயிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடி, எடுக்காமலே படிக்க முடியுதான்னு பாருங்க. ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, ஒரு டார்ச்ச மரத்துக்கு ஒட்டுனாப்புல பக்கவாட்டுல வச்சு அடிங்க, நேரா அடிக்காதீங்க. பள்ளம் பூரா நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்கும். இடது பக்கம், வலது பக்கம், மேல, கீழன்னு நாலு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சு போட்டோ எடுங்க, மொபைல ஸ்டாண்டுல வச்சு ஆடாம எடுங்க. பாதி எழுத்து ஒரு போட்டோல தெரியும், மீதி இன்னொன்னுல தெரியும்.

தின்னர், உப்புத்தாள், ஹீட் கன் எதையும் பக்கத்துல கொண்டு போகாதீங்க, தேக்கா இருந்தாலும் விளிம்பு மழுங்கிரும், போனா போனதுதான். போட்டோல படிக்க முடியலன்னா இங்க போடுங்க, வேலை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை நானே வந்து மூங்கில் சிராய வச்சு ஒவ்வொரு எழுத்தா எடுத்துத் தர்றேன், கூலி வேணாம்.